ஆழக் கேமராவுக்கு ஒரு பைத்தான் பைண்டிங்: ஆந்தூரியம் தோட்டத்து அனுபவம்

ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் தரும் ஆழக் கேமரா ஒன்றுக்குப் பைத்தான் பைண்டிங் (சி நூலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்கவிடும் இணைப்பு நிரல்) எழுத முனைபவர், எந்தச் செயற்கூறுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, கேமரா தரும் ஒவ்வொரு ஃபிரேமும் தங்கியிருக்கும் நினைவகம் யாருடையது, அது எதுவரை செல்லுபடியாகும் என்ற கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மொரீஷியஸின் மேட்டு நிலத்தில், கியூர்பிப் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஆந்தூரியம் தோட்டத்துக்காக நான் இப்படியொரு பைண்டிங்கை எழுதி, அதைக் கொண்டு மலர்களை அளந்து வருகிறேன். பகலில் எபேனில் வேறு மென்பொருள் வேலை. மாலைகளும் வார இறுதிகளும் இதற்குரியவை. இந்த வேலையில் எதிர்ப்பட்ட சிக்கல்கள் வெளியில் வெவ்வேறு முகம் காட்டினாலும், பெரும்பாலானவை அந்த ஒரே கேள்வியில் வந்து முடிந்தன. ஆகவே அதைப் பற்றி விரிவாகவும், மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். பைத்தானில் நல்ல பழக்கமும் சி மொழியில் ஓரளவு பழக்கமும் உள்ளவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆந்தூரியத்தில் நாம் பூ என்று சொல்லும் சிவந்த பகுதி உண்மையில் ஒரு மடல். அதன் நடுவிலிருந்து எழும் கதிரில்தான் நுண்ணிய பூக்கள் இருக்கின்றன. விற்பனைக்கு அந்த மடலின் அகலமே அளவுகோல். வெட்டி எடுத்த பூக்களை மேசையில் வைத்து, அளவுக் கோடுகள் வரைந்த அட்டையின் மேல் பிடித்துத் தரம் பிரிப்பார்கள். தோட்டக்காரர் என்னிடம் கேட்டது வேறு: "வெட்டுவதற்கு முன்னாலேயே, பாத்தியில் எந்த அளவில் எத்தனை பூ நிற்கிறது என்று தெரிந்தால் போதும் தம்பி, எவ்வளவு ஆர்டரை ஏற்கலாம் என்று நான் முடிவு செய்துகொள்வேன்." சாதாரணப் புகைப்படத்தால் இதற்கு விடை கிடைக்காது. காம்புகள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை; கேமராவிலிருந்து 50 செ.மீ. தொலைவில் நிற்கும் பூவையே 60 செ.மீ. தொலைவுக்குத் தள்ளினால் படத்தில் அதன் அகலம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே படத்திலுள்ள அகலத்தை உண்மையான அகலமாக மாற்ற முடியும்.

ஆழக் கேமராக்கள் இப்போது புதுமையல்ல. 2010 நவம்பரில் வெளிவந்த முதல் கினெக்ட், அகச்சிவப்புப் புள்ளிக் கோலத்தைப் பொருள்களின் மேல் வீசி, அந்தக் கோலம் எங்கே எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு ஆழத்தைக் கணித்தது. வெளிவந்த சில நாள்களிலேயே எக்டர் மார்ட்டின் அதற்கொரு திறந்த மூல இயக்கியை எழுதி வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த லிப்ஃப்ரீநெக்ட் நூலகத்துக்குப் பைத்தான் பைண்டிங்கும் வந்தது. அடுத்த தலைமுறைக் கினெக்ட், ஒளி சென்று திரும்பும் நேரத்தை அளக்கும் முறைக்கு மாறியது. இன்டெல் ரியல்சென்ஸ் டி400 வரிசையோ, இரண்டு கேமராக்கள் ஒரே புள்ளியைப் பார்க்கும் இடப்பெயர்ச்சியிலிருந்து ஆழத்தைக் கணிக்கும் ஸ்டீரியோ முறையில் இயங்குகிறது. அதற்குத் தயாரிப்பாளரே, பைண்டிங் எழுத உதவும் சி++ கருவியான பைபைண்ட்11 கொண்டு செய்த பைத்தான் பைண்டிங்கைத் தருகிறார். இப்படித் தயாராக ஒன்று இருக்குமானால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாக எழுத வேண்டாம். என் கைக்கு வந்த ஸ்டீரியோ கேமராவுடன் சி மொழி நூலகமும் ஒரு தலைப்புக் கோப்பும் மட்டுமே இருந்தன. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

அந்த நூலகத்தின் அமைப்பு இவ்வகை நூலகங்களுக்கு மிகவும் இயல்பானது. சாதனத்தைத் திற, ஓட்டத்தைத் தொடங்கு, ஃபிரேம் வரும்போது அழைக்க ஒரு கால்பேக் கொடு, முடிந்ததும் நிறுத்து, மூடு. கால்பேக்குக்கு வருவது ஒரு சுட்டி, அகலம், உயரம், ஒரு வரிசைக்கு எத்தனை பைட், நேரமுத்திரை. இதைப் பைத்தானுக்குக் கொண்டுவரப் பல வழிகள் உள்ளன. பைத்தானுடனேயே வரும் சிடைப்ஸ் எந்தக் கம்பைலரும் இல்லாமல் வேலை செய்யும். கேமரா திறக்கிறதா, ஃபிரேம் வருகிறதா என்று ஒரு மாலைக்குள் பார்த்துவிட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒவ்வொரு செயற்கூறின் உள்ளீட்டு வகைகளையும் திருப்பும் வகையையும் நாமே கையால் எழுதித் தர வேண்டும். திருப்பும் வகையைச் சொல்லாமல் விட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் திரும்பி வரும் சுட்டியின் மேல்பாதி வெட்டுண்டு, நிரல் வேறெங்கோ போய் விழும். ஸ்ட்ரக்ட்களின் அமைப்பையும் கையால் நகலெடுக்க வேண்டியிருப்பதால், நூலகத்தின் அடுத்த பதிப்பில் நடுவில் ஒரு புலம் சேர்ந்தால் பிழைச்செய்தி எதுவும் வராமலே எண்கள் மாறிப்போகும். கம்பைலரே தலைப்புக் கோப்பைப் படித்து இவற்றைச் சரிபார்க்கும் வழிதான் நீண்ட நாள் ஓடவேண்டிய வேலைக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. சைதன், பைபைண்ட்11, நானோபைண்ட் மூன்றுமே அதைச் செய்யும். சி++ எனக்குப் பழக்கமானது என்பதால் பைபைண்ட்11ஐ எடுத்துக்கொண்டேன்.

இனி நினைவகம். கேமரா நூலகம் தொடங்கும்போதே சில பஃபர்களை (ஃபிரேமை எழுதுவதற்கான நினைவகப் பகுதிகளை) ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவற்றையே சுழற்சியாகப் பயன்படுத்தும். கால்பேக்கில் வரும் சுட்டி அந்தப் பஃபர்களில் ஒன்றைக் காட்டுகிறது. அது நமக்குத் தரப்பட்ட இரவல் மட்டுமே. கால்பேக் முடிந்ததும் நூலகம் அதே இடத்தில் அடுத்த ஃபிரேமை எழுதலாம். லிப்ஃப்ரீநெக்டின் எளிய ஒத்திசைவு இடைமுகத்திலும் இதே விதிதான்: திரும்பி வரும் பஃபர், அதே செயற்கூறை மறுமுறை அழைக்கும் வரைதான் செல்லும் என்று அதன் தலைப்புக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. சி மொழியில் எழுதுபவர் இந்த ஒரு வரியைப் படித்து, தேவைப்பட்டால் நகல் எடுத்துக்கொள்வார். பைத்தானில் எழுதுபவர் அப்படி நினைப்பதில்லை. எண் அணிகளுக்கான நம்பை நூலகத்தின் அணி ஒன்று கைக்கு வந்தால், அதை அவர் பட்டியலில் சேர்ப்பார், வேறொரு மாறியில் வைப்பார், அரைமணி கழித்துத் திறந்து பார்ப்பார். அதற்கான முழு உரிமையையும் பைத்தான் மொழி அவருக்குத் தந்திருக்கிறது. இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில் நிற்பதுதான் பைண்டிங்கின் முதன்மையான வேலை.

நூலகத்தின் பஃபரை நகல் எடுக்காமல் அப்படியே நம்பை அணியாகக் காட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். ஸ்டீரியோ ஆழத்தில் இரைச்சல் உண்டு. ஒரே காட்சியை அடுத்தடுத்து எடுத்தாலும் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் கொஞ்சம் ஆடும். ஆகவே 9 ஃபிரேம்களைச் சேர்த்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பை எடுப்பது நல்ல வழி. பஃபர் பகிரப்பட்டிருந்தால், பட்டியலிலுள்ள 9 அணிகளும் ஒரே நினைவகத்தைக் காட்டும். எல்லாவற்றிலும் கடைசி ஃபிரேமே இருக்கும். நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது, படமும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஃபிரேம்களுக்கு இடையிலான விலகல் மட்டும் துல்லியமாகச் சுழியம் என்று வரும். இயல்புக்கு மாறான இந்தச் சுத்தம்தான் ஒரே அடையாளம். கேமராவை அசையாமல் வைத்து, அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கழித்துப் பார்த்து, கொஞ்சமாவது இரைச்சல் இருக்கிறதா என்று உறுதி செய்வதை ஒவ்வொரு புதிய பைண்டிங்குக்கும் முதல் சோதனையாக வைக்கும்படி அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். இரண்டு அணிகள் நினைவகத்தைப் பகிர்கின்றனவா என்று கேட்டுச் சொல்லும் செயற்கூறு நம்பையிலேயே இருக்கிறது. அதையும் தானியங்கிச் சோதனைகளில் சேர்த்துவிடலாம்.

இதற்கு மாற்றாகப் பலர் சொல்லும் வழி, பஃபரைப் பைத்தான் வைத்திருக்கும்வரை நூலகத்திடம் திருப்பித் தராமல் இருப்பது. நம்பை அணிக்கு ஓர் அடிப்படைப் பொருளைக் கொடுத்து, அந்த அணி அழியும்போது அந்தப் பொருளும் அழிந்து, பஃபர் தானாகத் திரும்பும்படி செய்யலாம். பைபைண்ட்11இல் இது எளிது: அணியை உருவாக்கும்போது அடிப்படைப் பொருள் கொடுத்தால் அது நினைவகத்தை நகல் எடுக்காமல் காட்டும், கொடுக்காவிட்டால் நகல் எடுக்கும். ஆனால் நூலகத்திடம் இருக்கும் பஃபர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 9 ஃபிரேம்களைப் பட்டியலில் சேர்க்கும் என் நிரல் ஐந்தாவதுக்கு முன்பே எல்லாப் பஃபர்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுத இடமில்லாமல் கேமரா நிற்கும். பயனருக்கோ நேரம் கடந்துவிட்டது என்ற பிழை மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. நகல் எடுக்காமல் காட்டுவது சாமர்த்தியமாகத் தோன்றினாலும், பயனர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரம்பை அவர் தலையில் ஏற்றுகிறது.

ஆகவே நகலின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 640க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 6,14,400 பைட். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 18.4 மெகாபைட். ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறிய கணினியிலும் இப்படி ஒரு ஃபிரேமை நகலெடுக்க ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. ஃபிரேம்களுக்கு இடையிலோ 33 மில்லிவிநாடி இருக்கிறது. இவ்வளவு மலிவான நகலைத் தவிர்க்க, இவ்வளவு விலையுயர்ந்த குழப்பத்தை ஏற்பது நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன். என் பைண்டிங்கில் சாதாரணமாகக் கிடைப்பது முழு நகல். அது பயனருக்கே சொந்தம், அவர் விரும்பும்வரை வைத்திருக்கலாம். நகல் வேண்டாம் என்பவருக்கு வித் கூற்றுக்குள் மட்டும் செல்லும் ஓர் இரவல் காட்சியும் உண்டு. அந்த அணியை எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறேன், அந்தக் கூற்றை விட்டு வெளியே வந்ததும் பஃபர் திரும்பிவிடும் என்று ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். தோட்டத்து வேலைக்கு அந்த இரண்டாம் வழி இதுவரை தேவைப்படவில்லை.

சொந்தம் பற்றிய கேள்வி ஃபிரேமோடு நிற்பதில்லை. பைபைண்ட்11இல் ஒரு செயற்கூறு வெறும் சுட்டியைத் திருப்பினால், அந்தப் பொருளின் உரிமையைப் பைத்தானே எடுத்துக்கொண்டு பிறகு அழிக்கும் என்பதே இயல்பான கொள்கை. நூலகம் தன்னிடமே வைத்திருக்கும் சாதனப் பொருளுக்கு இது பொருந்தாது. இருவரும் ஒரே பொருளை அழிக்க முயல்வார்கள். எந்தச் சுட்டிக்கு எந்தக் கொள்கை என்று ஒவ்வொன்றாக எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்கக்கூடாதது. ஃபிரேம் உயிரோடு இருக்கும்வரை அதைத் தந்த சாதனமும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். நிரல் முடியும் தருணத்தில் பைத்தான் எந்த வரிசையில் பொருள்களை அழிக்கும் என்பதை நம்பி எதையும் எழுதக்கூடாது. வெளிப்படையாக மூடும் செயற்கூறும், வித் கூற்றுக்கான ஆதரவும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கேமரா பாதி திறந்த நிலையில் நின்று, அடுத்த முறை நிரல் ஓடும்போது சாதனம் வேறொருவர் கையில் இருக்கிறது என்று சொல்லும்.

அடுத்துப் பூட்டு. பைத்தானின் ஜிஐஎல் எனப்படும் பொதுப் பூட்டை வைத்திருக்கும் திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் இழை) மட்டுமே பைத்தான் பொருள்களைத் தொடலாம். கேமரா நூலகமோ தன் சொந்தத் திரெட்டிலிருந்து கால்பேக்கை அழைக்கிறது. கால்பேக்குக்குள் பூட்டைப் பெற்றுக்கொண்டு பைத்தான் செயற்கூறை அழைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வடிவம். அதில் ஒரு பொறி இருக்கிறது. முதன்மைத் திரெட் பூட்டை வைத்துக்கொண்டே நிறுத்து என்ற செயற்கூறை அழைக்கிறது; அந்தச் செயற்கூறு கேமராத் திரெட் முடிவதற்காகக் காத்திருக்கிறது; கேமராத் திரெட்டோ கால்பேக்குக்குள் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நிரல் உறைந்துவிடும். இது ஒவ்வொரு முறையும் நடக்காது. நிறுத்தும் கணத்தில் ஒரு ஃபிரேம் வந்துகொண்டிருந்தால் மட்டுமே நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். காத்திருக்கும் எந்தச் சி++ செயற்கூறாக இருந்தாலும் அதற்குள் நுழையும்போது பூட்டை விடுவித்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்கான சிறிய வகுப்பு பைபைண்ட்11இல் இருக்கிறது.

நான் ஒரு படி மேலே போய், பைத்தான் கால்பேக் என்பதையே விட்டுவிட்டேன். கேமராத் திரெட் ஃபிரேமை நகலெடுத்து, சி++ பக்கத்திலுள்ள ஒரு சிறிய காத்திருப்பு வரிசையில் வைக்கிறது. வரிசை நிறைந்தால் பழையதைக் கழித்துவிடுகிறது. பைத்தான் பக்கம் தனக்கு வேண்டும்போது அடுத்த ஃபிரேமைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கேமராத் திரெட் பைத்தானைத் தொடுவதே இல்லை, ஆகவே பூட்டுச் சிக்கல் எழவும் வழியில்லை. பழையதைக் கழிப்பது அளக்கும் வேலைக்கு ஏற்றது. ஒரு ஃபிரேமையும் விடாமல் பதிவு செய்ய வேண்டியவர்கள் வேறு முடிவு எடுக்க வேண்டும், ஆனால் எத்தனை ஃபிரேம் கழிந்தது என்ற எண்ணிக்கையை எப்படியும் பயனருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். காத்திருக்கும்போது ஒரேயடியாகக் காத்திருக்காமல், 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழித்து, பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தியிருக்கிறாரா என்று பைத்தானிடம் கேட்டுவிட்டு மறுபடி காத்திருப்பது நல்லது. தோட்டத்தில் கையில் ஈரத்தோடு நிற்கும்போது நிறுத்த முடியாத நிரல் பெரும் தொல்லை.

மதிப்புகளின் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் குறியற்ற 16 பிட் முழு எண்ணைத் தருகிறது, அலகு மில்லிமீட்டர், சுழியம் என்றால் ஆழம் தெரியவில்லை என்று பொருள். முதல் கினெக்டின் 11 பிட் மூல மதிப்புகளில் அந்த அடையாளம் 2047. சுழியத்துக்குள்ள இந்தப் பொருளை அறியாமல் சராசரி எடுத்தால், தெரியாத புள்ளிகள் எல்லாம் கேமராவின் முகத்தோடு ஒட்டியிருப்பதாகக் கணக்கில் சேரும். இன்னொன்று, குறியற்ற எண்களைக் கழிக்கும்போது 500லிருந்து 510ஐக் கழித்தால் கிடைப்பது கழித்தல் 10 அல்ல, 65,526. எல்லாவற்றையும் மீட்டராக மாற்றி, தெரியாதவற்றை எண் அல்லாத மதிப்பாக்கித் தருவது பாதுகாப்பானது; மூல எண்களை அப்படியே தருவது சிக்கனமானது. இரண்டையும் தனித்தனிச் செயற்கூறுகளாக வைத்து, அலகை ஃபிரேமின் பண்பாகவே ஒட்டிவிட்டேன். வரிசை நீளத்தையும் கவனியுங்கள்: சில நூலகங்கள் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நிரப்புப் பைட்டுகளைச் சேர்க்கும், அகலத்தை இரண்டால் பெருக்கினால் கிடைப்பதே வரிசை நீளம் என்று எடுத்துக்கொண்டால் படம் சாய்ந்து நிற்கும்.

கேமரா கியூர்பிப் மேட்டில், நான் எபேனில் என்பதால், கேமரா இல்லாமலே பைண்டிங்கைச் சோதிக்க ஒரு போலிச் சாதனம் தேவைப்பட்டது. ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் அதன் கிடைவரிசை, நெடுவரிசை எண்களிலிருந்து கணிக்கப்படும் ஃபிரேம்களை அது அனுப்பும். ஒரு மூலையில் ஃபிரேம் எண்ணும் இருக்கும். அகலமும் உயரமும் இடம் மாறியிருந்தாலும், வரிசை நீளம் பிசகியிருந்தாலும், பழைய ஃபிரேமின் மேல் புதியது எழுதப்பட்டிருந்தாலும் ஒரே ஒப்பீட்டில் தெரிந்துவிடும். நடுவில் இணைப்பு அறுவது, நேரம் கடப்பது போன்றவற்றையும் அந்தப் போலிச் சாதனம் நடித்துக் காட்டும். நேரம் கடந்ததும் கேமரா கழன்றதும் இரண்டு வெவ்வேறு விதிவிலக்குகளாக வர வேண்டும். முன்னதற்கு மறுபடி கேட்கலாம், பின்னதற்கு மறுபடி திறக்க வேண்டும்.

கட்டுவதும் நிறுவுவதும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைபைண்ட்11 கொண்டு செய்த தொகுப்புகளைப் பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும், ஒவ்வொரு செயலி வகைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். மேசைக் கணினியில் கட்டியது ராஸ்பெர்ரி பையில் ஓடாது. லினக்ஸில் சாதாரணப் பயனர் கேமராவைத் திறக்க, சாதனத்துக்கு அனுமதி தரும் ஒரு யூடெவ் விதிக் கோப்பு வேண்டும். அதை நிறுவும் வழியைத் தொகுப்போடு சேர்த்துத் தந்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் நிர்வாகி உரிமையோடு நிரலை ஓட்டத் தொடங்குவார்கள். யூஎஸ்பி 2 இணைப்பின் வேகம் ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட். 1280க்கு 720 ஆழப் படம் மட்டுமே 30 ஃபிரேம் வேகத்தில் 442 மெகாபிட் கேட்கும் என்பதால், வண்ணப் படத்துக்கு இடமே இல்லை. கேமரா எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதைப் பைண்டிங் வாயிலாகக் கேட்டு அறிய முடிந்தால், மோசமான கேபிளைத் தேடும் நேரம் மிச்சமாகும்.

இனிப் பாத்திக்கு வருவோம். பாதைகளின் வழியே தள்ளிச் செல்லும் சிறு வண்டியின் மேல், கீழ்நோக்கிப் பார்க்கும்படி கேமராவைப் பொருத்தியிருக்கிறோம். ஓரிடத்தில் நிறுத்தி, 9 ஃபிரேம் எடுத்து, அடுத்த இடத்துக்கு நகர்கிறோம். ஸ்டீரியோவில் ஆழத்தின் பிழை தொலைவின் வர்க்கத்துக்கேற்ப வளரும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும். குவியத் தொலைவு 400 புள்ளி, இரு கேமராக்களுக்கு இடையே 5 செ.மீ., பொருத்தத்தில் பிழை ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டரில் ஆழப் பிழை 1.25 மி.மீ.; ஒரு மீட்டரில் 5 மி.மீ.; இரண்டு மீட்டரில் 20 மி.மீ. ஒரே பார்வையில் அதிகப் பூக்கள் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேமராவை உயர்த்தும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்காமல் அரை மீட்டருக்கு அருகிலேயே வைத்து, கூடுதலாக நகர்வதே சரி.

ஆந்தூரியத்தின் பளபளப்பு தனியொரு சோதனை. மேலிருந்து விழும் ஒளி மடலில் பட்டு மின்னும்போது, அந்த மினுக்கம் இரண்டு கேமராக்களுக்கும் மடலின் வெவ்வேறு இடங்களில் தெரிகிறது. ஸ்டீரியோக் கணிப்பு அந்த மினுக்கத்தையே ஒரே புள்ளி என்று பொருத்தி, மடலின் நடுவில் குழி இருப்பதாகவோ ஆழமே தெரியாததாகவோ சொல்கிறது. கேமராவை நேர் கீழாகப் பார்க்க வைக்காமல் கொஞ்சம் சாய்ப்பதும், நிழல்வலை நேரடி ஒளியைச் சிதறடிக்கும் பகுதிகளில் முதலில் அளப்பதும் பெரிய அளவில் உதவின. மொரீஷியஸ் தெற்கே 20 பாகை அருகில் இருப்பதால், கோடையில் உச்சி வெயில் ஏறத்தாழ நேர் மேலிருந்து விழும். அந்த நேரத்தை விட்டுவிடுகிறோம். மேட்டு நிலத்தின் காலை ஈரத்தில் வில்லையில் ஆவி படிவதும் உண்டு. அப்போது ஆழமில்லாத புள்ளிகளின் விகிதம் திடீரென்று ஏறும். அந்த விகிதத்தை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணித்து, வரம்பை மீறினால் அளவைப் பதிவு செய்யாமல் வில்லையைத் துடைக்கச் சொல்லும்படி நிரலை அமைத்திருக்கிறேன்.

ஆழத்திலிருந்து முப்பரிமாணப் புள்ளிகளுக்குப் போவது எளிய பெருக்கல். ஒரு புள்ளியின் நெடுவரிசை எண்ணிலிருந்து படத்தின் மையத்தைக் கழித்து, குவியத் தொலைவால் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் பக்கவாட்டுத் தொலைவு கிடைக்கும். 3,07,200 புள்ளிகளுக்கும் இதைப் பைத்தான் சுழலில் செய்யத் தொடங்கினால் நாள் போதாது. மையம் கழித்து வகுத்த பகுதி எந்த ஃபிரேமிலும் மாறாது என்பதால், அதை ஒருமுறை அணியாகக் கணித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் நம்பையில் ஒரே பெருக்கலாக முடிக்கலாம்.

மடலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்கோட்டுத் தொலைவை எடுத்து, சாய்வையும் திருத்தி, தரம் பிரிக்கும் அக்காவிடம் ஒப்பிடக் கொடுத்தேன். தட்டையான பூக்களில் எங்கள் இருவர் அளவும் ஒத்துப்போயின. வளைந்தவற்றில் என் அளவு எப்போதும் குறைந்தே வந்தது. அவர் ஒரு பூவை அட்டையின் மேல் வைத்து விரலால் அழுத்திக் காட்டினார்: "மடங்கியிருக்கிறதை நீட்டிப் பிடிச்சுத்தானே நாங்க அளக்கிறோம் தம்பி." தரத்தை முடிவு செய்வது மடலின் பரப்பின் மேல் செல்லும் நீளமே, விளிம்புகளுக்கு இடையிலுள்ள வெட்டவெளி அல்ல. நேர்கோட்டை விட்டு, மடலின் அகலவாட்டில் பரப்பை ஒட்டியே புள்ளிக்குப் புள்ளி தொலைவைக் கூட்டும்படி மாற்றினேன். அதில் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது: ஒவ்வொரு புள்ளியின் இரைச்சலும் பாதையை மேலும் கீழுமாக இழுத்து நீளத்தைக் கூட்டிக் காட்டுகிறது. இடைநிலை மதிப்பு எடுத்த பிறகும், ஒரு வழவழப்பான வளைபரப்பை மடலின் மேல் பொருத்தி, அந்தப் பரப்பின் மேல் அளந்தால்தான் நீளம் சரியாக வருகிறது. 9 ஃபிரேம்களும் உண்மையிலேயே 9 தனி ஃபிரேம்களாக இருக்க வேண்டியதன் தேவை இங்கே மிகத் தெளிவாகத் தெரிந்தது. இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினால்தான் இடைநிலை மதிப்பு அதைக் குறைக்கும்.

இப்போது நிரல் பாத்திவாரியாக ஒரு பட்டியலைத் தருகிறது: ஒவ்வோர் அளவிலும் எத்தனை பூ, அவற்றுள் எத்தனையில் மடல் முழுவதும் தெரிந்தது, எத்தனை இலைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. மறைந்தவற்றை ஊகித்து அளவுக்குள் சேர்ப்பதில்லை. தனி வரிசையில் காட்டுகிறேன். தோட்டக்காரர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, எந்தப் பாத்திக்குத் தாமே போய் இலையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். அடுத்ததாகச் செய்ய வேண்டியது வண்ணப் படத்தையும் ஆழப் படத்தையும் நேரமுத்திரை கொண்டு இணைப்பது. இரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்படாததால், காற்றில் ஆடும் பூவில் நிறத்தின் விளிம்பும் ஆழத்தின் விளிம்பும் விலகி நிற்கின்றன. கேமராவின் கடிகாரத்தையும் கணினியின் கடிகாரத்தையும் பைண்டிங் இரண்டு தனிப் பண்புகளாகத் தரத் தொடங்கியிருக்கிறது. இணைக்கும் பகுதியை அதன் மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.